சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்வதற்கு முன்

நியூயார்க்கின் குயின்ஸில் நான் குடியிருக்கும் பதினான்கு மாடிக் கட்டடத்தின் லிஃப்டில், சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு பதினோரு மணிக்கு, ஹூடியால் தலையை மூடிக்கொண்டு தோளில் சலவைப் பையோடு ஏறிய கறுப்பின இளைஞர் ஒருவரிடம், “நீங்கள் எந்த வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள்?” என்று கேட்டேன். குரலில் மரியாதை குறையவில்லை, முகத்தில் புன்னகைகூட இருந்தது. அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு விரல்களுக்கு இடையில் பிடித்திருந்த சாவிச் சில்லைப் பலகையில் ஒற்றி, தன் மாடியின் பொத்தானை அழுத்திவிட்டு, கதவைப் பார்த்தபடி நின்றுகொண்டார். அந்தச் சில்லு நான் கேட்பதற்கு முன்பே அவர் கையில் வெளியே இருந்தது என்பது, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று காலை அதே லிஃப்டில், முன்பின் பார்த்திராத ஒரு வெள்ளைக்காரர் நாயோடு ஓடிவந்தபோது, நான் கதவைப் பிடித்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தேன்.

அமெரிக்க நகரங்களில் வாழும் தமிழர்களுக்கான வழிகாட்டியாக இதை எழுதுகிறேன். மனத்தில் எழும் பயத்தை எழாமலே செய்வது எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அது ஊரில் கேட்ட கதைகள், தொலைக்காட்சி, வந்திறங்கிய புதிதில் “அந்தப் பக்கம் போகாதே” என்று பழைய ஆட்கள் சொன்ன எச்சரிக்கைகள் எல்லாம் சேர்ந்து ஊறியது. ஆனால் அந்தப் பயம் உங்கள் வாயைத் தாண்டிக் கட்டடக் காவலாளியிடமோ, வாட்ஸாப் குழுவிடமோ, 911 என்ற அவசர உதவி எண்ணின் ஊழியரிடமோ போய்ச் சேரும்போது என்னவாகிறது என்பதை நிச்சயமாகச் சொல்ல முடியும். ஆகையால் இங்கே பெரும்பாலும் சொற்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

வினைச்சொல்லைத் தேடுங்கள்

ஒருவரைப் பார்த்ததும் சந்தேகம் தட்டினால், முதலில் அதைத் தமிழிலேயே ஒரு முழு வாக்கியமாக மனத்துக்குள் சொல்லிப்பாருங்கள். எழுவாயை விட்டுவிட்டு வினைச்சொல்லை மட்டும் பாருங்கள். நிற்கிறார், நடக்கிறார், காத்திருக்கிறார், போனில் பேசுகிறார் என்பவைதான் கிடைக்கின்றன என்றால், உங்களிடம் சொல்வதற்கு எதுவுமே இல்லை. பூட்டை உடைக்கிறார், ஒருவரை அடிக்கிறார், காரின் கண்ணாடியை நொறுக்குகிறார் என்றால் இருக்கிறது. இது குழந்தைத்தனமான சோதனை போலத் தோன்றலாம், ஆனால் பதிவான வழக்குகளை இதில் போட்டுப் பார்த்தால் அதன் கனம் தெரியும். 2012 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 17 வயது டிரேவான் மார்ட்டின், கடைக்குப் போய்விட்டுத் தங்கியிருந்த வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார். 2020 பிப்ரவரியில் ஜார்ஜியாவில் மூன்று பேர் வண்டிகளில் துரத்திக் கொன்ற அமாட் ஆர்பரி ஒரு குடியிருப்பின் சாலையில் ஓடிக்கொண்டிருந்தார். 2018 ஏப்ரலில் பிலடெல்ஃபியாவின் ஸ்டார்பக்ஸ் கடையொன்றில் விலங்கிட்டு அழைத்துச் செல்லப்பட்ட இரண்டு இளைஞர்கள், ஒரு வணிகப் பேச்சுக்காக மூன்றாமவரை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த மாதம் அந்த நிறுவனம் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட தன் கடைகளை ஒரு பிற்பகல் மூடி ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. நடத்தல், ஓடுதல், உட்கார்ந்திருத்தல்: இந்த மூன்றையும் நாம் அன்றாடம் யாருடைய அனுமதியும் இல்லாமல் செய்கிறோம்.

வினைச்சொல் கிடைக்காதபோது நம் வாய் உடனே பெயரடைகளுக்குத் தாவும். “ஆஜானுபாகுவாக இருந்தான்”, “முரட்டு ஆள்” என்போம். இந்தச் சொற்களை நம்பாதீர்கள், உங்கள் கண்ணையே நம்பாதீர்கள் என்றுகூடச் சொல்வேன். 2017-இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், ஒரே உயரமும் எடையும் கொண்ட கறுப்பின, வெள்ளையின இளைஞர்களின் படங்களைக் காட்டிக் கேட்டபோது, பார்த்தவர்கள் கறுப்பினத்தவரை அதிக உயரமும் பருமனும் வலிமையும் உடையவர்களாக மதிப்பிட்டார்கள். வயதிலும் இதே பிழை நேர்கிறது. பையன் நம் கண்ணுக்கு ஆளாகத் தெரிகிறான்.

தமிழில் இன்னொரு வலை இருக்கிறது. “ஆள் ஒரு மாதிரி இருந்தான்”, “திருதிருவென்று முழித்தான்” என்று நாம் வெகு எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வீட்டுத் திண்ணையில் அதற்கு ஒரு பொருளும் இல்லை, விளைவும் இல்லை. அதையே ஆங்கிலத்தில் காவலாளியிடம் சொல்ல முற்படும்போது, நமக்குக் கைவசம் இருக்கும் ஒரே சொல் ‘சஸ்பிஷியஸ்’. அந்தச் சொல்லுக்கு அமெரிக்கச் சட்டத்தில் எடை உண்டு. நியாயமான சந்தேகம் இருந்தால் ஒருவரைத் தெருவில் நிறுத்தலாம், ஆயுதம் வைத்திருக்கிறார் என்று கருத இடமிருந்தால் மேலோட்டமாகத் தடவிச் சோதிக்கலாம் என்று 1968-இல் டெர்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் காவல்துறைக்கு வழிவிட்டது. நீங்கள் அலட்சியமாக மொழிபெயர்த்த “ஒரு மாதிரி” அந்த வழியில்தான் போய் விழுகிறது.

லிஃப்டிலும் தெருவிலும்

2013 ஜூலையில், டிரேவான் மார்ட்டின் வழக்கின் தீர்ப்பு வந்த சில நாட்களில், அதிபர் ஒபாமா செய்தியாளர்கள் முன் பேசியபோது, கடையில் பின்தொடரப்பட்ட அனுபவம் இல்லாத கறுப்பின ஆண்கள் இந்த நாட்டில் மிகக் குறைவு என்றார். தெருவைக் கடக்கும்போது கார்க் கதவுகள் பூட்டிக்கொள்ளும் சத்தம், லிஃப்டில் கைப்பையை இறுகப் பிடித்து மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும் பெண் என்று அவர் சொன்னவை எல்லாம் சின்ன அசைவுகள். ஆகவே உங்கள் கை எங்கே போகிறது என்று கவனியுங்கள். பையின் பட்டியைத் திருகுவது, கைப்பேசியை எடுத்துப் பேசுவது போல நடிப்பது, வந்த லிஃப்டை விட்டுவிட்டு அடுத்ததற்கு நிற்பது, இவை எதுவும் எதிரில் இருப்பவருக்குத் தெரியாமல் போவதில்லை. அதற்காக அளவுக்கு மீறிப் பல்லைக் காட்டி வானிலை பேசத் தொடங்கவும் வேண்டாம்; என் லிஃப்ட் புன்னகையும் அந்த வகைதான். அலுவலகத்தில் முகம் தெரியாத ஒருவரோடு லிஃப்டில் போகும்போது எப்படி நிற்பீர்களோ அப்படி நில்லுங்கள், அது போதும்.

அந்நியரை உள்ளே விடக்கூடாது என்று கட்டடத்தில் விதி இருந்தால் அதைக் கடைப்பிடிப்பதில் தவறே இல்லை. ஆனால் எல்லோருக்கும் கடைப்பிடியுங்கள். உணவுப் பையோடு வரும் பொன்னிறத் தலைமுடிப் பையனுக்காகக் கதவைப் பிடித்துவிட்டு, பின்னால் வருபவரிடம் மட்டும் அடையாளம் கேட்பது விதியாகாது. எல்லோரிடமும் கேட்கத் துணிவில்லை என்றால் யாரிடமும் கேட்காதீர்கள்.

இரவில் தனியாக வரும் பெண்களிடம் இதையெல்லாம் சொல்வது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து வரும் என் மனைவி இதற்குத் தானே ஒரு வழி வகுத்துக்கொண்டாள். சுரங்க ரயிலின் நடைமேடையில் நடுப்பகுதியில் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட பலகை ஒன்று தொங்கும். வண்டி நின்றதும் நடத்துநர் இருக்கும் பெட்டி அதற்கு நேராக வரும். அவள் எப்போதும் அங்கேதான் நிற்கிறாள், அந்தப் பெட்டியில்தான் ஏறுகிறாள். மூன்று மணிக்கு நடைமேடையில் யார் நின்றாலும், எந்த நிறத்தில் நின்றாலும், அவள் நிற்கும் இடம் மாறுவதில்லை. பாதுகாப்புக்கு அவள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆளைப் பார்த்து முடிவெடுப்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

911-இல் பேசுவது எப்படி

கூடுதல் கவனம் இங்கேதான் தேவை, ஏனென்றால் நீங்கள் பேசுவது ஒருவரிடம், அது போய்ச் சேருவது இன்னொருவரிடம். அழைப்பை எடுப்பவர் வேறு, வண்டிகளுக்குத் தகவல் அனுப்புபவர் வேறாக இருக்கலாம், துப்பாக்கியோடு வந்து இறங்குபவர் மூன்றாமவர். ஒவ்வொரு கைமாற்றத்திலும் சொற்கள் உதிர்கின்றன, அதிலும் சந்தேகத்தைத் தணிக்கும் சொற்களே முதலில் உதிர்கின்றன. 2014 நவம்பரில் கிளீவ்லாந்தில் ஒரு பூங்காவில் பையன் ஒருவன் துப்பாக்கியை வைத்துக்கொண்டிருக்கிறான் என்று அழைத்தவர், அது அநேகமாகப் பொம்மையாக இருக்கும் என்றும், அவன் அநேகமாகச் சிறுவன் என்றும் சேர்த்தே சொன்னார். அந்த இரண்டு செய்திகளும் காவலர்களைப் போய்ச் சேரவில்லை. வண்டி வந்து நின்ற இரண்டு விநாடிக்குள் தமீர் ரைஸ் சுடப்பட்டான். அவனுக்கு வயது 12. அவனை ஏறத்தாழ இருபது வயது ஆளாகக் கருதியே காவலர்கள் தங்கள் கம்பியில்லாக் கருவியில் தகவல் சொன்னார்கள்.

2009 ஜூலையில் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் நடந்ததும் இதன் உறவுதான், உயிர்ச்சேதம் மட்டும் இல்லை. வெளிநாட்டுப் பயணம் முடித்து வந்த ஹார்வர்டு பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ், சிக்கிக்கொண்ட தன் வீட்டுக் கதவை வண்டி ஓட்டுநரின் உதவியோடு தள்ளித் திறந்தார். அதைப் பார்த்து அழைத்த பெண், அவர்களிடம் பெட்டிகள் இருக்கின்றன, அங்கேயே குடியிருப்பவர்களா என்று தெரியவில்லை, சாவியில்தான் ஏதோ சிக்கலோ என்னவோ என்று நிதானமாகவே சொன்னார். காவல் அறிக்கையில் அது முதுகுப்பைகளோடு நின்ற இரண்டு கறுப்பின ஆண்கள் என்று பதிவானது. தான் அப்படிச் சொல்லவில்லை என்று அவர் பின்னர் மறுத்தார். பேராசிரியர் தன் வீட்டு வாசலிலேயே கைது செய்யப்பட்டார், ஐந்து நாளில் வழக்கு கைவிடப்பட்டது. இவ்வளவு கவனமாகப் பேசியவரின் சொற்களே இந்தக் கதிக்கு ஆளாகும் என்றால், “ஒரு மாதிரி ஆள்” என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே முதலில் இடத்தைச் சொல்லுங்கள். அடுத்ததாக, கண்ணால் பார்த்த செயலை மட்டும் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். ஊகத்தை ஊகம் என்றே சொல்லுங்கள், பார்க்காததைப் பார்க்கவில்லை என்றும் சொல்லுங்கள்: “அவர் கையில் ஆயுதம் எதையும் நான் பார்க்கவில்லை.” “சிறுவனைப் போலத் தெரிகிறது.” “அவருடைய சொந்தக் காராகவும் இருக்கலாம்.” இத்தகைய வாக்கியங்களை ஒருமுறை சொல்லிவிட்டு விடாதீர்கள், அழைப்பு முடிவதற்குள் மறுபடியும் சொல்லி, வரும் காவலர்களிடம் இதைத் தெரிவிப்பீர்களா என்று கேளுங்கள். அடையாளம் கேட்டால் சட்டையின் நிறம், காலணி, தொப்பி, போகும் திசை என்று தொடங்கி, நிறத்தைக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். நிலைமை மாறிவிட்டால், சாவி கிடைத்து அவர் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டால், மறுபடி அழைத்துச் சொல்வது உங்கள் கடமை. இரைச்சல், வாகன நிறுத்தம், படிக்கட்டில் உட்காருதல் போன்றவற்றுக்கு நியூயார்க்கில் அவசரமல்லாத புகார்களுக்கான 311 எண் இருக்கிறது. அதற்கும் முன்னால், நேரில் போய் “ஏதாவது உதவி வேண்டுமா?” என்று கேட்பது இருக்கிறது, பத்தில் ஒன்பது சமயம் அதிலேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

இதெல்லாம் இரண்டு இனத்தவருக்கு இடையிலான விவகாரம், நமக்கென்ன என்று நினைப்பவர்கள் 2015 பிப்ரவரியில் அலபாமாவின் மேடிசன் நகரில் நடந்ததை அறிந்திருக்க வேண்டும். பேரனைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து வந்திருந்த 57 வயதுப் பெரியவர், மகனுடைய வீட்டுக்கு அருகே காலை நடை போனார். ஒல்லியான கறுப்பின ஆள் ஒருவன் சுற்றிக்கொண்டிருக்கிறான் என்று அக்கம்பக்கத்தவர் ஒருவர் காவல்துறையை அழைத்தார். ஆங்கிலம் தெரியாத அந்தப் பெரியவரைக் காவலர் ஒருவர் தரையில் வீழ்த்தியதில் முதுகுத்தண்டில் அடிபட்டு உடலின் ஒரு பகுதி செயலிழந்தது. இரண்டு முறை ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வராததால், அந்தக் காவலரை 2016 ஜனவரியில் நீதிபதி விடுவித்தார். ஊரிலிருந்து வரும் அப்பாக்கள் குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு காலை நடை போகாத தமிழ் வீடு இங்கே ஏது?

சட்டமும் இப்போது அழைப்பவரைக் கவனிக்கிறது. 2020 மே 25 அன்று, மினியாப்பொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்ட அதே நாளில், நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் பறவை பார்த்துக்கொண்டிருந்த கிறிஸ்டியன் கூப்பர், நாயைக் கட்டும்படி ஒரு பெண்ணிடம் கேட்டார். அந்தப் பெண் ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவர் தன்னை மிரட்டுவதாக 911-இல் சொன்னது காணொளியாக நாடெங்கும் பரவியது. அடுத்த மாதமே நியூயார்க் மாநிலம், இனம் போன்ற காரணங்களால் அவசியமின்றிக் காவல்துறையை அழைத்தவர் மீது பாதிக்கப்பட்டவர் வழக்குத் தொடர வழிசெய்தது.

வாட்ஸாப் குழுவில்

எங்கள் கட்டடத் தமிழர் குழுவில், “கீழே லாபியில் ஒரு கறுப்பன் நிற்கிறான், பிள்ளைகளை அனுப்பாதீர்கள்” என்று ஒருமுறை செய்தி வந்தது. பதினைந்து நிமிடத்தில் இருபது பேர் பதில் போட்டார்கள். நின்றவர் ஆறாவது மாடி மூதாட்டிக்கு மருந்து கொண்டுவந்தவர். மூதாட்டி தூங்கிவிட்டதால் கதவு திறக்கத் தாமதமானது. உண்மை தெரிந்த பிறகு குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெரும்பாலான குழுக்களில் திருத்தம் இப்படித்தான் விடுபட்டுப் போகிறது.

அக்கம்பக்கச் செயலியான நெக்ஸ்ட்டோர், ஓக்லாந்தில் இத்தகைய பதிவுகளைப் பற்றி எழுந்த புகார்களுக்குப் பின் 2016-இல் தன் படிவத்தை மாற்றியது. இனத்தைக் குறிப்பிட்டால் உடை போன்ற வேறு அடையாளங்களையும் தந்தாக வேண்டும் என்று அது கேட்கத் தொடங்கியது. உங்கள் குழுவின் பொறுப்பாளர் இதே விதியை இன்றே போடலாம். செயலைச் சொல்லாத செய்தியை நீக்குங்கள், தவறென்று தெரிந்ததைத் தவறென்று அதே குழுவில் எழுதச் செய்யுங்கள்.

சொல்லைப் பற்றியும் ஒன்று. கறுப்பு நமக்குச் சாமியின் பெயர், வீட்டில் செல்லப்பெயர். அதில் இழிவில்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. ‘கறுப்பு’ சரி, ‘-அன்’ விகுதிதான் காட்டிக்கொடுக்கிறது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரை ‘அவர்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் கறுப்பன், அவன், நிற்கிறான் என்று எழுதும் கைக்குத் தான் செய்வது தெரியாது என்று நான் நம்பவில்லை. கனடாவிலும் ஐரோப்பாவிலும் கறுப்பினத்தவரைக் குறிக்க நம்மவர் வாயில் இன்னும் புழங்கும் ‘காப்பிலி’ என்ற இழிசொல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதைக் கைவிடுங்கள். தமிழ் புரியாது என்ற துணிச்சலில் அவர் எதிரிலேயே இப்படிப் பேசுவது இன்னும் கேவலம். தொனி எல்லா மொழியிலும் புரியும்.

கடை வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வரிசைக்கு வரிசை யாரைப் பின்தொடர்கிறீர்கள் என்று உங்கள் கண்காணிப்புப் படத்தைப் போட்டு நீங்களே ஒரு நாள் பாருங்கள். 2014-இல் மேன்ஹாட்டனின் பெரிய அங்காடிகளான பார்னீஸும் மேசீஸும் இத்தகைய புகார்களைத் தீர்க்க முறையே 5,25,000 டாலரும் 6,50,000 டாலரும் கொடுக்க ஒப்புக்கொண்டன.

கண்ணெதிரே நடந்தால்

நியூயார்க் காவல்துறை 2011-இல் மட்டும் 6,85,724 முறை மக்களைத் தெருவில் நிறுத்தியது. இது பற்றிய வழக்கில் 2013 ஆகஸ்டில் தீர்ப்பளித்த கூட்டாட்சி நீதிபதி ஷீரா ஷைண்ட்லின், 2004 முதல் 2012-இன் பாதி வரை நடந்த 44 லட்சம் நிறுத்தங்களை ஆராய்ந்தார். நிறுத்தப்பட்டவர்களில் 52 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர், நகர மக்கள்தொகையில் அவர்கள் ஏறத்தாழ 23 விழுக்காடு. நூற்றுக்கு 88 நிறுத்தங்கள் கைதோ அபராதச் சீட்டோ இன்றி முடிந்தன. தடவிச் சோதித்ததில் ஆயுதம் கிடைத்தது 1.5 விழுக்காட்டில்தான். நடைமுறை அரசமைப்புக்கு எதிரானது என்று அவர் தீர்ப்பளித்த பின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது, ஆனால் நின்றுபோகவில்லை. ஆகையால் வேலைக்குப் போகும் வழியில் இப்படி ஒரு காட்சியை நீங்கள் பார்க்க நேரலாம்.

அப்போது நில்லுங்கள். பொது இடத்தில் காவலர்களைப் படம்பிடிக்க உங்களுக்கு உரிமை உண்டு. நியூயார்க் மாநிலம் 2020-இல் அதைச் சட்டமாகவே எழுதியது. பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று, கைப்பேசியைப் படுக்கைவாட்டில் பிடித்து, தெருப்பெயர்ப் பலகை, வண்டி எண், சட்டை மேல் உள்ள பட்டை எண் ஆகியவை தெரியும்படி எடுங்கள். பின்னால் போகச் சொன்னால் இரண்டடி பின்னால் போய், எடுப்பதைத் தொடருங்கள். கூச்சலிட வேண்டாம், நடுவில் போய் நிற்க வேண்டாம்; விசாவில் இருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நீங்கள் சூடேற்றினால் அதன் விலையைக் கொடுப்பவர் அந்த மனிதராக இருப்பார். எல்லாம் முடிந்ததும் அவரிடம் போய், “நலமாக இருக்கிறீர்களா? என்னிடம் படம் இருக்கிறது, வேண்டுமா?” என்று கேளுங்கள். படம் அவருடையது, அவர் சொல்லாமல் அதை எங்கும் பதிவேற்றாதீர்கள். கைதின்றி முடிந்த சோதனைக்குப் பின் காவலர் தன் பெயரும் எண்ணும் உள்ள அட்டையைத் தர வேண்டும் என்பது 2018 முதல் நியூயார்க் நகரத்தில் விதி. புகாரைக் காவல்துறைக்கு வெளியே இயங்கும் குடிமக்கள் புகார் ஆய்வு வாரியத்திடம் கொடுக்கலாம், பார்த்தவரும் கொடுக்கலாம்.

காவலர் இல்லாத காட்சிகள், அதாவது கடைக் காவலாளி பின்தொடர்வது, வாசலில் ஒருவரை மட்டும் பையைத் திறக்கச் சொல்வது போன்றவை, இன்னும் எளிதாகக் கலையக்கூடியவை. “என் பையையும் பார்க்கிறீர்களா?” என்று உங்கள் பையைத் திறந்து நீட்டிப் பாருங்கள், காவலாளிக்குக் கை ஓடாது.

தவறு செய்தது நீங்களே என்றால் மன்னிப்பு ஒரே வாக்கியத்தில் முடிய வேண்டும். என்ன கேட்டீர்களோ அதைப் பெயர் சொல்லிக் கூறுங்கள், உங்கள் மனம் எவ்வளவு வருந்தியது என்று விவரிக்காதீர்கள், நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள், பதிலை எதிர்பார்த்து நிற்காதீர்கள். லிஃப்டில் நான் கேட்ட இளைஞரை இரண்டு வாரம் கழித்துச் சலவை அறையில் தனியாகப் பார்த்தபோது, “அன்று உங்களிடம் எந்த வீடு என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது” என்றேன். அவர் ஈரத் துணிகளை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டே, குடிவந்த எட்டு மாதத்தில் இந்தக் கட்டடத்தில் அதைக் கேட்ட நான்காவது ஆள் நான் என்றார். பிறகு, மூலையில் இருந்த உலர்த்தும் இயந்திரத்தைக் காட்டி, அது காசை விழுங்குகிறதா, ஓடுகிறதா என்று கேட்டார். விழுங்கும், இரண்டாவதில் போடுங்கள் என்றேன்.